மடக்குக் கத்தியில் கீறல் விழாமல் காப்பது எப்படி?

விவசாயியின் இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். சணல் அறுக்க, உர மூட்டையின் தையலைப் பிரிக்க, மாங்கன்றில் ஒட்டுக் கட்ட என்று நாள் முழுவதும் அது கைக்கு வரும். வேலை முடிந்ததும் சில்லறை, சாவி, வெற்றிலை பாக்கு ஆகியவற்றுடன் அதையும் மடியிலோ பெல்ட் பையிலோ போட்டுக்கொள்கிறோம். நாளடைவில் அலகில் கோடு கோடாகக் கீறல் விழுகிறது.

கீறலால் என்ன கெடுதல்?

அலகின் நடுவில் விழும் மெல்லிய கோடு வெட்டுவதைக் கெடுக்காது. ஆனால் அந்தக் கோட்டில் வியர்வையும் செடியின் பாலும் தங்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். கீறல் கூர் விளிம்பு வரை போனால் அந்த இடத்தில் பல் விழும். பல் விழுந்த கத்தி இளந்தண்டைச் சீவாது, நசுக்கும். ஒட்டுக் கட்டும்போது ஒட்டுக்குச்சியும் வேர்ச்செடியும் இடைவெளியின்றிப் பொருந்தி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசுக்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். நசுங்கிய வெட்டில் இது நடப்பதில்லை. கன்று காய்ந்துவிட்டால் ஒரு பருவமே வீண்.

கீறுவது காசு அல்ல, மணல்

சில்லறைக் காசு கத்தியின் கைப்பிடியைத் தேய்க்கும். ஆனால் காசு, நன்கு பதமிட்ட அலகைவிட மென்மையானது. அலகைக் கீறுவது பையின் அடியில் கிடக்கும் மணல்தான். மணலில் உள்ள படிகக்கல் துகள் எஃகைவிடக் கடினமானது. மடக்கிய கத்தியின் பள்ளத்தில் இரண்டு துகள் புகுந்தாலும், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அலகில் ஒரு கோடு விழும். ஆகவே கத்தியைத் தனியாக வைத்தால் மட்டும் போதாது. மணல் புகாமலும் வைக்க வேண்டும்.

உறை தைக்கும் முறை

மடக்கிய நிலையில் 10 செ.மீ. நீளமுள்ள கத்திக்கு, 26 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் துணி போதும். பழைய ஜீன்ஸ் துணி, கித்தான் துணி ஏற்றவை. 11 செ.மீ. அளவுக்கு மடித்து இரு பக்கமும் தைத்தால், மீதி 4 செ.மீ. மூடியாகும். மூடிக்குப் பித்தான் அல்லது நாடா வையுங்கள். தினமும் மாலையில் உறையை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். வாரம் ஒருமுறை துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகே கத்தியைப் போடுங்கள்.

சைக்கிள் டியூபில் உறை செய்தால் வியர்வை உள்ளேயே தேங்கும். தோல் உறை அன்றாடம் எடுத்துச் செல்ல நல்லது; ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கத்தியை அதில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கும். உரம் தூவிய அன்று கத்தியைத் துடைக்காமல் உறையில் போடவே கூடாது. பொட்டாஷ் உரத்தூள் பட்ட இரும்பு விரைவில் அரிக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

மாங்காய், எலுமிச்சை நறுக்கியவுடன் கத்தியைக் கழுவித் துடைக்க வேண்டும். புளிப்பு, அலகைக் கறுக்கச் செய்யும். சப்போட்டாப் பால் ஒட்டினால் சுரண்டாமல் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். மூட்டில் மணல் கரகரத்தால் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். துருவை நீக்கச் செங்கல் பொடியால் தேய்ப்பது தவறு. துரு போகும், நூறு புதிய கீறல் வரும்.

பல ஒட்டுக் கத்திகளில் ஒரு பக்கம் சரிவாகவும் மறு பக்கம் தட்டையாகவும் இருக்கும். இவற்றில் சரிவுப் பக்கத்தை மட்டுமே தீட்ட வேண்டும். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுவதும் படியவைத்து லேசாக ஓரிருமுறை இழுத்துப் பிசிர் நீக்கினால் போதும். தட்டைப் பக்கம் கெட்டால் வெட்டு நேராக வராது.

நோயும் கத்தியில் வரும்

எலுமிச்சை வகைகளில் பட்டை உரியும் எக்சோகார்ட்டிஸ் நோயும், கரும்பில் மறுதாம்புக் குட்டை நோயும் வெட்டும் கத்தி மூலம் பரவுகின்றன. எலுமிச்சையில் மொட்டுக் கட்டும்போது, மரத்துக்கு மரம் கத்தியை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் நனைக்க வேண்டும். கடையில் வாங்கும் திரவம் 5 சதவீதமாக இருந்தால், 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்க்கலாம். இது இரும்பை அரிக்கும். எனவே வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ மறக்கக் கூடாது. கத்தியை நெருப்பில் காட்டினால் பதம் போய்விடும்.

கூடுமானவரை மூட்டை பிரிக்க ஒரு சாதாரணக் கத்தி, ஒட்டுக் கட்ட ஒரு கத்தி என்று இரண்டு வைத்துக்கொள்வது சிக்கனம். இன்று மாலையே உங்கள் மடியை உதறிப் பாருங்கள். உதிரும் மணலே கத்திக்கு எதிரி என்பது விளங்கும்.