பாம்புகள்: சில உண்மைகள்

எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன் மலருக்கு டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுதாமல் பாம்பைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். காரணம் பின்னால் வரும்.

பல்லி இனத்திலிருந்து கால்களை இழந்து வந்தவைதான் பாம்புகள். 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வம்சம். குஜராத்தில் கிடைத்த 'சனாஜே' என்ற பாம்பின் புதைபடிவம், டைனோசர் முட்டைகளைச் சுற்றிக் கிடந்த நிலையிலேயே கல்லாகியிருந்தது, வயது 6.7 கோடி ஆண்டுகள்! அதே குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து 2024-ல் 'வாசுகி' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாமாம். நம்ம டவுன் பஸ்ஸைவிட நீளம்.

நூறு வருஷம் வாழ்ந்த பாம்பு மாணிக்கம் கக்கும் என்பார் எங்கள் ஆத்தா. அப்படி ஒரு மாணிக்கமும் கிடையாது. வளர்ப்பில் நல்ல பாம்பு 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதுண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் வந்த ஒரு ஆப்பிரிக்க மலைப்பாம்பு, 2020-ல் 60 வயதைத் தாண்டி முட்டையிட்டது.

உலகில் சுமார் 4,000 வகைகள், இந்தியாவில் சுமார் 300. அவற்றில் கேடயவால் பாம்புக் குடும்பம் தென்னிந்தியப் பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. அதில் ஒரு வகை நம்ம சேர்வராயன் மலைக்கே சொந்தம். விஷமில்லாத சாது; மண்ணுக்குள் மண்புழு தின்று வாழ்கிறது. ஏற்காட்டுக்கு எத்தனை தடவை டூர் போயிருப்போம், யாராவது இதைச் சொன்னார்களா?

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரமேறும் என்பதும் கதைதான். அது மனிதனைக் கொல்லாது. சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைவதாகச் சொல்வது, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

பயப்பட வேண்டியவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விரியன்கள் இரண்டும் ரத்தத்தை உறைய விடாமல் செய்யும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மற்ற இரண்டும் நரம்பைத் தாக்கும்.

நான் எட்டாவது படித்தபோது, வாழப்பாடி பக்கத்தில் பாக்கு காயப்போட்ட களத்தில் காவலுக்குப் படுத்திருந்தார் எங்கள் சித்தப்பா. விடியற்காலை வயிறு வலிக்கிறது என்று எழுந்து வந்தார். கண் இமை தானாக மூடியது. கடிவாய் எதுவும் தெரியவில்லை. ராத்திரி குடித்திருப்பான் என்றார்கள் சிலர். பிறகு பாடம் போடுகிறவரிடம் தூக்கிப் போனோம். வேப்பிலை அடித்தார், மிளகு தின்னக் கொடுத்தார். சித்தப்பாவால் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மூச்சு நின்றிருந்தது. "கட்டுவிரியனா இருக்கும், ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்றார் டாக்டர். அதற்கு மேல் சொல்லவில்லை.

கட்டுவிரியன் பகலில் சோம்பேறி, இரவில்தான் திரியும். தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி அநேகமாக இருக்காது. எங்கள் டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், சப்ளை இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, டெர்மினலில் கனெக்‌ஷன் போய்விட்டது. மூளை சொல்வது தசைக்குப் போவதில்லை. நரம்பு முனையே கெட்டுவிட்டால் பிறகு மருந்து ஏற்றினாலும் சீக்கிரம் சரியாகாது. அதுவரை மூச்சைச் செயற்கைக் கருவிதான் விட வேண்டும். அதனால்தான் டாக்டர் மணிக்கணக்குச் சொன்னார்.

அந்த மருந்துக்கு விஷம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972 சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு போனது. 1978-ல் சங்கம் தொடங்கியது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். நால்வகை விஷத்துக்கும் ஒரே மருந்து. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களின் அறிவு இது!

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், நம்ம அப்பா அம்மா மாதிரி.

கடிபட்டால் கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். எலும்பு முறிந்த காலைப் போல் அசையாமல் குச்சி வைத்துக் கட்டி 108-க்குப் போன் செய்யுங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

இப்போது களத்தில் காவலுக்கு அப்பாதான் படுக்கிறார். போன வருஷம் ஸ்காலர்ஷிப் பணம் வந்ததும் ஒரு கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுத்தேன். "கொசுவுக்கு இவ்வளவு செலவா?" என்றார். வலையின் நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத்தான் இந்த வருஷம் ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன்.