புது எஞ்சின் ஏன் நின்றது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுவர் முதல் முதியவர் வரை பலர் மாதிரி ரயில்களை ஓட்டி மகிழ்கிறார்கள். அவற்றுள் 'எச்.ஓ.' என்ற வகை உண்மை ரயிலை 87 மடங்கு சிறிதாக்கிச் செய்யப்படுவது. அந்நாடுகளின் பெரும்பாலான இருப்புப்பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1435 மி.மீ. இதை 87 ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 16.5 மி.மீ. கிடைக்கும். மாதிரிப் பாதையின் இடைவெளி அதுதான்.

அத்தகைய எஞ்சின் ஒன்று பெட்டியிலிருந்து புத்தம் புதிதாக வெளிவருகிறது. முதல் நாள் அழகாக ஓடுகிறது, மறுநாள் நின்றுவிடுகிறது. "புதியது எப்படிப் பழுதாகும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பொறியியலாளர்களுக்கு இது வியப்பளிக்காது.

குளியல் தொட்டி வளைவு

ஒரே வகையைச் சேர்ந்த ஏராளமான பொருள்களை எடுத்துக்கொண்டு, எந்த வயதில் எத்தனை பழுதாகின்றன என்று வரைபடம் வரைந்தால், பல பொருள்களுக்கு அது குளியல் தொட்டியின் பக்கத் தோற்றம் போல அமையும். தொடக்கத்தில் பழுது அதிகம். பிறகு நெடுங்காலம் குறைவு. தேய்மானம் வந்தபின் மீண்டும் அதிகம். தொடக்கப் பழுதுக்குக் காரணம் தேய்மானம் அன்று. உற்பத்தியின்போதே நேர்ந்த குறை. சரியாகப் பிடிக்காத பற்றாசு, இடம் விலகிய கார்பன் தூரிகை, மயிரிழை விரிசல் கண்ட பிளாஸ்டிக் பற்சக்கரம் போன்றவை முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே, புதிய எஞ்சினை மிதமான வேகத்தில் முன்னும் பின்னுமாகச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குறை இருந்தால் உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே தெரிந்துவிடும்.

மின்சாரம் செல்லும் வழி

பழைய முறையில் இயங்கும் எஞ்சினுக்கு 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் போதும். அது ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம், தொடுதகடு, தூரிகை வழியாக மோட்டாரின் கம்பிச்சுருளுக்குச் சென்று, மறுபக்கச் சக்கரங்கள் வழியாக மற்றத் தண்டவாளத்தை அடைகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சின் நிற்கும்.

முதலில் 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே இணையுங்கள். பல்பு எரியாவிட்டால் குற்றம் எஞ்சினில் இல்லை. பாதையிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. பல்பு எரிந்தால் எஞ்சினைக் கவனியுங்கள். மோட்டாரின் ஒலியே கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் மின்தொடர்பு அறுந்திருக்கும். மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் சக்கரம் சுழலவில்லை என்றால், பற்சக்கரமோ இணைப்புத் தண்டோ நழுவியிருக்கும்.

இன்று பல எஞ்சின்கள் எண்முறைக் கட்டளைகளால் இயங்குகின்றன. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. புதிய எஞ்சினுக்குப் பொதுவாக 3 என்ற எண்ணே தரப்பட்டிருக்கும். வேறு எண்ணில் அழைத்தால் அது அசையாது. அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது!

மூன்று கேள்விகள்

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இடையிடையே தடுமாறுகிறது. அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

எங்கே? ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் தண்டவாளம் அழுக்கேறியிருக்கும். அல்லது இணைப்பு தளர்ந்திருக்கும்.

எவ்வளவு தூரத்துக்கு ஒரு முறை? சக்கரத்தின் விட்டம் 12 மி.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 3.14 × 12, அதாவது ஏறத்தாழ 38 மி.மீ. எஞ்சினை மெதுவாக ஓட்டி, அருகில் அளவுகோலை வைத்துக் கவனியுங்கள். 38 மி.மீ.க்கு ஒரு முறை 'டக்' என்று துள்ளினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை தடை ஏற்படுகிறது என்று பொருள். அச்சில் உள்ள பற்சக்கரம் விரிசல் கண்டால், அந்த இடத்தில் பற்களின் இடைவெளி சற்று அகன்றுவிடும். துள்ளலுக்கு அது காரணமாகலாம்.

எவ்வளவு நேரத்துக்குப் பின்? பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால், வெப்பத்தின் மீது ஐயம் கொள்ளுங்கள்.

நின்ற மோட்டார் ஏன் சுடுகிறது?

மோட்டார் சுழலும்போது, காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளிலேயே ஓர் எதிர் மின்னியக்கு விசை உண்டாகிறது. சுருளின் மின்தடை 20 ஓம் என்றும், எதிர்விசை 8 வோல்ட் என்றும் கொள்வோம். எஞ்சிய 4 வோல்ட்டே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது, அது 0.2 ஆம்பியர். சுருளில் தோன்றும் வெப்பம் 0.2 × 0.2 × 20, அதாவது 0.8 வாட். அச்சு இறுகி மோட்டார் நின்றுவிட்டால் எதிர்விசை மறைகிறது. 12 வோல்ட் முழுவதும் சுருளில் பாய, மின்னோட்டம் 0.6 ஆம்பியர் ஆகிறது. மூன்று மடங்கு மின்னோட்டம், வெப்பமோ 7.2 வாட், ஒன்பது மடங்கு! ஆகவே, எஞ்சின் நகரவில்லையே என்று விசையை மேலும் திருப்பாதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள். திருத்தக்கூடிய சிறு குறை, சுருள் கருகிய பெருங்குறையாகிவிடும்.

அடுத்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். உத்தரவாதம் உள்ள எஞ்சினைப் பிரித்தால் அவ்வுரிமை போய்விடக்கூடும். மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளை ஒரு தாளில் எழுதி, எஞ்சினுடன் கடைக்கு அனுப்புங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் பழுது பார்ப்பவர் முதலிலிருந்து தேட வேண்டும். "38 மி.மீ.க்கு ஒரு முறை துள்ளுகிறது" என்று எழுதினால் நேரே பற்சக்கரத்தைப் பார்ப்பார்.

செய்து பாருங்கள்

பொம்மைக் காரில் உள்ள சிறு மோட்டாரை இரண்டு டார்ச் செல்களுடனும் ஓர் அம்மீட்டருடனும் தொடராக இணையுங்கள். மோட்டார் தடையின்றிச் சுழலும்போது அம்மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அச்சை விரலால் இரண்டு விநாடி மட்டும் பிடித்து நிறுத்துங்கள். முள் எந்தப் பக்கம் நகருகிறது? ஏன்? விடையை உங்கள் நண்பருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.