வழி காப்போர்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை விழாக்கோலம் பூணும். தீபத் திருநாளன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். அவ்வொளியைக் கண்டு தொழவும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் மலையை வலம் வரவும் பல இலட்சம் மக்கள் அந்நகரில் திரள்வர். அவ்வேளையில் எல்லாருடைய கண்களும் மலையுச்சியையே நோக்கும். ஆயினும், சிலருடைய கண்கள் மட்டும் சாலையை விட்டு அகலா. அவர்களே ஊர்திகளையும் போக்குவரத்தையும் மேற்பார்வையிடுவோர். அவர்களுடைய பணி எளியதுபோல் தோன்றும். ஆனால், மக்களின் உயிரே அதனைப் பொறுத்திருக்கின்றது.

வேலூர், திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர், செங்கம் முதலிய ஊர்களிலிருந்து வரும் சாலைகள் திருவண்ணாமலையில் கூடுகின்றன. அவற்றின் வழியாக வரும் ஊர்திகள் யாவும் கோயிலை நாடிச் சென்றால், நகரத் தெருக்களில் ஒருவரும் அசைய இயலாது. ஆதலால், அச்சாலைகளில் நகரின் புறத்தே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. ஒரு திசையிலிருந்து வரும் பேருந்து அத்திசையிலேயே நின்று, அவ்வழியே திரும்பிச் செல்லும். நகரின் குறுக்கே செல்லாது. மேலும், செங்கம் சாலையின் ஒரு பகுதி மலையை வலம் வரும் பாதையாகவும் இருக்கின்றது. அங்கே நடப்போரும் ஊர்திகளும் கலத்தல் ஆகாது. எனவே, ஊர்திகளை எங்கே நிறுத்துவது என்பதை விழா நாளில் முடிவு செய்ய இயலாது; அதனை முன்னரே கணக்கிட வேண்டும்.

அக்கணக்கு கடினமானதன்று. ஒரு காரை நிறுத்துவதற்கு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது உள்ளே வரவும் வெளியே செல்லவும் வேண்டிய வழியையும் சேர்த்தால், 25 சதுர மீட்டர் தேவைப்படும். எனவே, 10,000 சதுர மீட்டர் பரப்புள்ள திடலில் 400 கார்களே நிற்கக்கூடும். ஒரு காரில் ஐவர் வந்தாலும், அத்திடல் 2,000 பேருக்கே போதும். பேருந்தோ ஏறத்தாழ மூன்று கார்களின் இடத்தில் ஐம்பது பேரைக் கொண்டுவரும். பெருவிழாக்களுக்குப் பேருந்திலும் புகைவண்டியிலும் வருமாறு மக்கள் வேண்டப்படுவதன் காரணம் இதுவே.

ஊர்திகளை உள்ளே விடுவதைவிட வெளியே அனுப்புவதே அரிய செயல். மக்கள் வரும்போது காலை முதல் மாலைவரை சிறிது சிறிதாக வருவர். தீபம் கண்டவுடன் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் புறப்படுவர். ஒரு வாயிலில் ஆறு நொடிக்கு ஒரு கார் வெளியேறினால், 400 கார்களும் வெளியேற 40 நிமிடம் ஆகும். இடையில் ஒருவர் வரிசையை முறித்துக் குறுக்கே புகுந்தால், அக்காலம் இருமடங்காகவும் ஆகக்கூடும். ஆகவே, அறிந்த மேற்பார்வையாளர் காலையிலேயே ஒவ்வொரு காரையும் அதன் முகப்பு வெளிவழியை நோக்குமாறு நிறுத்தச் செய்வார். உள்வழி வேறு, வெளிவழி வேறு எனப் பிரிப்பார்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. நோயாளர் ஊர்தியும் தீயணைப்பு ஊர்தியும் செல்லுதற்கு ஒரு வழி எப்பொழுதும் வெறுமையாக இருத்தல் வேண்டும். அவ்வழியைக் காப்பவருக்கு மனவுறுதி மிக வேண்டும். சான்றாக, இத்தகையதொரு நிகழ்ச்சியைக் கருதலாம்.

மாலை நேரம். காலியாக இருக்கும் அவ்வழியின் முகப்பில் ஒரு கார் வந்து நிற்கின்றது. அதனுள்ளிருந்து ஒருவர் இறங்கி, "ஐயா, என் தாயாருக்கு எண்பது வயது. அவரால் நடக்க இயலாது. வழி வெறுமையாகத்தானே கிடக்கின்றது? இந்த ஒரு காரை மட்டும் விடுங்கள்" என்று வேண்டுகின்றார்.

மேற்பார்வையாளர் முதியவளை நோக்குகின்றார். அவருடைய உள்ளம் இளகுகின்றது. ஆயினும், "ஐயா, அம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, எங்கள் தொண்டர் அழைத்துச் செல்வார். காரை மட்டும் விடுவதற்கில்லை. ஒன்றை விட்டால், பின்னால் வரும் நூறு கார்களுக்கு நான் யாது விடை கூறுவேன்?" என்கின்றார். வந்தவர் சினத்துடன் காரைத் திருப்புகின்றார். கால் மணி நேரம் கழிகின்றது. மயங்கி வீழ்ந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு 108 ஊர்தி அவ்வழியே தடையின்றி விரைகின்றது. தாயாரின் நாற்காலிக்கு அருகில் நடந்துகொண்டிருந்த அம்மனிதர் நின்று, திரும்பி, வாயிலை நோக்குகின்றார். அவ்வழி வெறுமையாக இருந்ததன் பொருள் அவருக்கு அப்பொழுது விளங்குகின்றது.

ஒழுங்கு தவறினால் விளைவது யாது என்பதற்கு வரலாறு சான்று பகரும். 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், பிரயாகையில் நடந்த கும்பமேளாவில் பெருந்திரளான மக்கள் நெரிசலில் சிக்கினர், நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். கூட்டம் பெரிதாக இருப்பது மட்டும் தீங்கன்று. அது செல்லுதற்குரிய வழி அடைபடுவதே பெருந்தீங்கு.

மலையை வலம் வரும் மரபிலேயே இதற்குரிய பாடம் அமைந்துள்ளது. அங்கே யாவரும் மலையை வலப்புறமாகக் கொண்டு ஒரே திசையில் நடப்பர். செல்வர், வறியவர் என்ற வேறுபாடு அத்திசைக்கு இல்லை. எதிர்த்து நடப்பார் இன்மையால், இலட்சக்கணக்கானோரும் மோதாமல் நடக்க இயலுகின்றது. சாலையிலும் இவ்வொழுங்கை மேற்கொள்ளுதல் மக்கள் யாவர்க்கும் உரிய கடமை. தீபத்தைக் காணாமல் சாலையைக் காத்து நிற்போர்க்குப் பிறர் செய்யத்தக்க கைம்மாறும் அதுவே.