மானம் காத்த குடியானவர்

வீரம் என்றவுடன் பலருக்குப் போர்க்களமும் வெற்றி முழக்கமும் நினைவுக்கு வருகின்றன. மானம் என்றவுடன் ஊரார் தரும் மதிப்பும் சபையில் கிடைக்கும் இடமும் நினைவுக்கு வருகின்றன. கிறிஸ்தவ அறநெறி மரபு இவ்விரண்டையும் இன்னும் ஆழமாக ஆராய்ந்திருக்கிறது.

விவேகம், நீதி, மிதம், மனத்திடம் ஆகிய நான்கையும் அம்மரபு தலையாய நற்பண்புகளாகப் போற்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் தத்துவ ஞானியான புனித தாமஸ் அக்குவினாஸ், மனத்திடத்தைப் பற்றி இரண்டு கருத்துகளை வலியுறுத்துகிறார். முதலாவது, பகைவரைத் தாக்குவதைவிட, ஆபத்தின் நடுவே நிலைகுலையாமல் தாங்கி நிற்பதே அதன் முதன்மையான செயல். தாக்குகிறவன் தன்னை வலியவனாகக் கருதியே தாக்குகிறான். தாங்குகிறவனோ தன்னைவிட வலிய ஒன்றின் முன் நிற்கிறான். இரண்டாவது, நீதியோடு சேராத துணிச்சல் நற்பண்பு ஆகாது. கொள்ளைக்காரனுக்கும் துணிச்சல் உண்டு. அதனால் அவன் வீரன் ஆகிவிடுவதில்லை.

இந்தத் தத்துவத்தை, கிராமப் பள்ளியில் மட்டுமே படித்த ஓர் ஆஸ்திரிய விவசாயி தமது வாழ்க்கையால் விளக்கிக் காட்டினார். அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர்.

சாதாரண இளைஞர்

மேல் ஆஸ்திரியாவில் உள்ள சிற்றூர் சங்க்ட் ராடெகுண்ட். ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் நகரமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவ்வூரில் 1907-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் யேகர்ஸ்டேட்டர் பிறந்தார். பெற்றோர் திருமணம் செய்துகொள்ளக்கூட வசதியில்லாத ஏழைகள். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவனை, தாயார் பின்னர் மணந்துகொண்ட விவசாயி தத்தெடுத்துத் தமது பெயரைக் கொடுத்தார்.

பிறவியிலேயே மகானாக இருந்தவர் அல்லர் அவர். இளமையில் துடுக்கும் முரட்டுத்தனமும் மிக்கவர். ஊருக்கு முதன்முதலில் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தவர். சில ஆண்டுகள் இரும்புச் சுரங்கத்தில் உழைத்தவர். திருமணத்திற்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர்.

1936-ஆம் ஆண்டு ஃபிரான்ஸிஸ்கா என்ற பக்திமிக்க பெண்ணை அவர் மணந்தார். தம்பதியர் ரோம் நகருக்குத் திருயாத்திரை சென்று தங்கள் இல்லறத்தைத் தொடங்கினர். சேர்ந்து பிரார்த்தனை செய்வதும், விவிலியம் வாசிப்பதும், ஏழைகளுக்கு உணவளிப்பதும் அவ்வீட்டின் வழக்கங்களாயின. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். 1941-இல் அவர் ஊர் ஆலயத்தின் பணிகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளையாகவும் பொறுப்பேற்றார்.

சிறிய மறுப்புகள்

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 10-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 99 சதவீதத்திற்கும் மேலானோர் இணைப்பை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. சங்க்ட் ராடெகுண்டில் எதிர்த்து வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவரே. ஊர் அதிகாரிகள் அந்த ஒற்றை வாக்கையும் மறைத்து, ஊரே ஒருமனதாக ஆதரித்ததாக மேலிடத்திற்குத் தெரிவித்தனர்.

அதற்குப் பிறகும் அவர் மேடையேறி முழங்கவில்லை. புதிய அரசு தந்த குடும்ப உதவித்தொகையை ஏற்க மறுத்தார். கட்சிக்கு நன்கொடை கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தார். இவை மிகச் சிறிய மறுப்புகளே. ஆயினும் பெரிய சோதனை வந்த நாளில் அவரைத் தாங்கிய வேர்கள் இவைதாம். உடல் பயிற்சியால் உறுதி பெறுவதுபோல மனமும் சிறிய தியாகங்களால்தான் உறுதி பெறுகிறது.

1940-இல் இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டபோது அவர் சென்றார். பிரௌனாவில் உறுதிமொழியும் எடுத்தார். 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். இனி இப்போரில் பங்கேற்பதில்லை என்ற முடிவு படிப்படியாக அவருள் உறுதிப்பட்டது. மனநோயாளிகளை அரசே கொன்றுவருகிறது என்ற செய்தி அவரை எட்டியது. ரஷ்யாவின்மீது தொடுக்கப்பட்ட போர் தற்காப்புப் போர் அல்ல, நாடு பிடிக்கும் போரே என்று தமது குறிப்புகளில் எழுதினார். நீதியற்ற போர் என்று தெரிந்த பின்பும் அதில் ஆயுதம் ஏந்தலாமா? இதுவே அவரை வாட்டிய கேள்வி.

அறிவுரைகளும் மறுப்பும்

தமது எண்ணமே சரியென்று அவர் அவசரப்படவில்லை. குருமார்களிடம் கேட்டார். லின்ஸ் நகர ஆயர் யோசப் ஃபிளீஸரையே நேரில் சென்று கண்டார். ஆட்சியாளர்களின் செயலுக்குத் தனிக் குடிமகன் பொறுப்பாளி அல்லன். குடும்பத்தைக் காப்பதே தந்தையின் முதற்கடமை. இதுவே ஆயர் தந்த அறிவுரையின் சாரம்.

இந்த அறிவுரைக்கு விவிலிய ஆதாரம் இல்லாமல் இல்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 13-ஆம் அதிகாரத்தில் புனித பவுல், ஆளும் அதிகாரத்திற்குப் பணியுமாறு கூறுகிறார். அதே விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் நூலின் 5-ஆம் அதிகாரத்தில், போதிக்கக் கூடாதென்று தடுத்த தலைமைச் சங்கத்தின் முன் நின்ற புனித பேதுரு, மனிதரைவிட இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற நிலையை எடுக்கிறார். இவ்விரண்டும் முரண் அல்ல. அதிகாரத்திற்குப் பணிவது பொதுவிதி. அதிகாரம் பாவத்தைக் கட்டளையிடும்போது அந்த விதி தன் எல்லையை அடைகிறது. எல்லை எங்கே என்பதை அறிய, பயிற்சி பெற்ற மனச்சாட்சி வேண்டும்.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் 1-ஆம் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்ற அவர், மறுநாளே ஆயுதம் ஏந்த இயலாது என்று வெளிப்படையாக அறிவித்தார். காயமுற்றோருக்குச் சேவை செய்யும் மருத்துவப் பணியாளராக இருக்க ஆயத்தம் என்றும் தெரிவித்தார். ஆபத்துக்கு அஞ்சி அவர் ஒதுங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. அந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. லின்ஸ் சிறையிலிருந்து மே மாதம் பெர்லினின் டேகல் சிறைக்கு அவர் மாற்றப்பட்டார்.

குடும்பத்தைக் கைவிட்டாரா?

யேகர்ஸ்டேட்டரின் வாழ்க்கையைப் படிக்கும் எவரும் இக்கேள்வியைக் கடந்து செல்ல முடியாது. மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. கடைசி மகளுக்கு மூன்று வயது. வயதான தாயும் இளம் மனைவியும் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்கைக்காக உயிரைக் கொடுப்பவன் தனக்கு உரியதை மட்டுமா கொடுக்கிறான்? மனைவி மக்களுக்கு உரியதையும் அல்லவா கொடுத்துவிடுகிறான்?

இக்கேள்வியின் கனத்தை அவர் முழுமையாக உணர்ந்திருந்தார். அவருடைய சிறைக் கடிதங்களில் மனைவி மக்கள்மீது கொண்ட பாசமும் ஏக்கமும் நிறைந்திருக்கின்றன. ஆயினும் மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாவம் செய்யும் உரிமை ஒருவனுக்கு வந்துவிடாது என்பதே அவர் கண்ட விடை. தந்தை பிள்ளைகளுக்கு உணவை மட்டும் கொடுப்பதில்லை; நன்மை தீமைகளைப் பற்றிய அறிவையும் தன் நடத்தையால் கொடுக்கிறான். கைகள் விலங்கிடப்பட்டிருப்பது சித்தம் விலங்கிடப்பட்டிருப்பதைவிட மேலானது என்ற கருத்தையும் அவர் சிறையில் எழுதினார்.

ஃபிரான்ஸிஸ்காவும் தொடக்கத்தில் வேறு வழி பிறக்கும் என்று நம்பியவரே. ஆனால் உறவினரும் ஊராரும் எதிர்த்து நின்றபோது, தாமும் விலகினால் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து உடன் நின்றார். 1943 ஜூலை 6-ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகு, அவர் மனத்தை மாற்ற இயலும் என்ற எண்ணத்துடன் வழக்கறிஞர் ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். ஊர்க் குருவானவருடன் பெர்லின் சென்ற அந்த மனைவி, கணவரை வற்புறுத்தவில்லை.

1943 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மாலை பிராண்டன்பர்க் நகரில் கில்லட்டினால் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36.

எது மானம்?

அத்தீர்ப்பில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. உயிரை மட்டும் பறிப்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. படைவீரனாக இருக்கும் தகுதியையும் குடிமகனுக்குரிய கௌரவ உரிமைகளையும் அவர் இழந்துவிட்டதாக எழுதியது. அதாவது, சட்டப்படி அவர் மானமிழந்தவர்!

போர் முடிந்த பின்னும் நிலைமை உடனே மாறவில்லை. அவர் குடும்பத்தைக் கைவிட்டவர் என்றும், போரில் மடிந்த மற்றவர்களை அவமதித்தவர் என்றும் ஊரில் பலர் கருதினர். அவரது பக்திக்குக் காரணமானவர் என்று ஃபிரான்ஸிஸ்காவும் பழி சுமந்தார். போரில் இறந்தோரின் மனைவியருக்கு உரிய உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. கணவர் கொடுத்த விலையில் ஒரு பங்கை அவர் நிலத்தில் உழைத்தும் மௌனமாகத் தாங்கியும் செலுத்தினார்.

1964-இல் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் கோர்டன் ஸான் எழுதிய நூல் இந்த விவசாயியை உலகிற்கு அறிமுகப்படுத்தியது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைசாட்சியாக ஏற்று அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. 94 வயதான ஃபிரான்ஸிஸ்கா அவ்விழாவில் கலந்துகொண்டார். 2013-இல், நூறு வயது நிறைந்தபின், அவர் காலமானார்.

ஆனால் இந்தப் புகழ் எதையும் எதிர்பார்த்து யேகர்ஸ்டேட்டர் நிற்கவில்லை. தமது பெயர் மறக்கப்படும் என்றே எண்ணுவதற்கு அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஊரார் தரும் மதிப்பை ஊரார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் தரும் கௌரவத்தை நீதிமன்றம் பறிக்கலாம். இறைவனின் முன் மனச்சாட்சி ஒன்றும் கை வேறொன்றும் செய்யாமல் வாழும் ஒருமையை எவராலும் பறிக்க இயலாது. அதுவே மானம்.

இன்றைய இல்லறத்தாருக்கு

பெரும்பாலோருக்கு இத்தகைய சோதனை வருவதில்லை. கணக்கேட்டில் ஒரு பொய்த்தொகை, நிரபராதியின்மீது பழி விழும்போது ஒரு மௌனம், மேலதிகாரியின் விருப்பத்திற்காக ஒரு கையெழுத்து என்று சோதனை சிறிய வடிவிலேயே வருகிறது. அங்கும் 'குடும்பத்திற்காக' என்ற சொல்லே முதலில் நாவில் எழுகிறது. கிறிஸ்தவ இல்லறத்தான் ஒருவன் அப்போது யேகர்ஸ்டேட்டரிடமிருந்து கற்கக்கூடியவை சில உண்டு.

பிடிவாதம் வேறு, மனச்சாட்சி வேறு. அவர் படித்தார், பிரார்த்தித்தார், பெரியோரைக் கலந்தார், தமக்கு எதிரான வாதங்களையும் கேட்டார், பின்னரே முடிவெடுத்தார்.

துணிவு வேறு, வெறுப்பு வேறு. படைக்குச் சென்ற அண்டை வீட்டாரை அவர் பாவிகள் என்று தீர்ப்பிடவில்லை. அவரவர் பெற்ற அருளின்படி நடக்கிறார்கள் என்றே எண்ணினார். பிறரை இகழ்ந்து தன்னை உயர்த்திக்கொள்ளும் துணிவில் அகந்தை ஒளிந்திருக்கிறது.

துணிவு தனிமையில் விளைவதில்லை. சேர்ந்து பிரார்த்திக்கும் இல்லம் அதன் விளைநிலம். ஆதலால் நேர்மையின் விலையை இல்லத்தாரிடம் மறைக்காமல், முன்கூட்டியே அவர்களுடன் பேசுவது நல்லது. விலையில் பங்கு பெறுபவர்கள் முடிவிலும் பங்கு பெறட்டும்.

சிந்தனைக்கு

1. அச்சத்தால் செய்யும் ஒரு செயலுக்குக் கடமை என்று பெயர் சூட்டிய தருணங்கள் வாழ்க்கையில் உண்டா?

2. எவரும் அறியாத, எவரும் பாராட்டாத ஒரு சிறிய மறுப்பை இன்று எங்கே தொடங்கலாம்?

3. நேர்மைக்காக இழப்பு நேர்ந்தால் உடன் நிற்கக்கூடியவர் யார்? அதேபோல் இழப்பைச் சந்திக்கும் மற்றவருடன் நிற்க மனம் ஆயத்தமாக உள்ளதா?

முன்றாவது கேள்வியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து சிந்திப்பது மிகுந்த பயன் தரும்.