கித்தாருக்குப் புதிய கழுத்து

நுழையும்முன்

பழுதுற்ற பொருளை எறிவது எளிது. அதன் அமைப்பை அறிந்து செப்பனிடுவது அரிது. மின்கித்தாரின் கழுத்தை மாற்றி, உடலுக்கு மெருகூட்டும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மரமும் ஈரமும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. மூடுபனி தவழும் இத்தகைய மலையூர்களில் மழைக்காலத்தில் மரக்கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்ளும். வெட்டப்பட்ட பின்னும் மரம் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். பெற்றோரின் பணிமாற்றத்தால் தில்லியிலிருந்து கேரளத்திற்கு வரும் குடும்பத்தோடு கித்தாரும் புதிய தட்பவெப்பத்திற்கு வந்து சேர்கிறது. அதனால் அதன் கழுத்து வளையக்கூடும். வளைந்தால் தந்திகள் உயர்ந்து நிற்கும், விரல் நோகும், சுருதி பிசகும்.

சிறு வளைவைக் கழுத்தின் உள்ளே செல்லும் எஃகுக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். கழுத்து முறுகிப்போயிருந்தால் மாற்றுவதே பெரும்பாலும் வழி.

கழற்றக்கூடிய கழுத்து

தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் செய்யப்படுவது. ஒரே மரத்தில் குடைந்தெடுத்ததை ஏகாந்த வீணை என்றும், பகுதிகளை இணைத்துச் செய்ததை ஒட்டு வீணை என்றும் கூறுவர். அமெரிக்கரான லியோ ஃபென்டர் 1950-இல் அறிமுகப்படுத்திய மின்கித்தாரிலோ கழுத்து ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டது. ஆகவே பழுதான கழுத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த இயலும்.

அளவே அடிப்படை

அழகு நோக்கிக் கழுத்தை வாங்குதல் கூடாது. கழுத்தின் தலைப்பக்கத் தாங்கியிலிருந்து உடலிலுள்ள குதிரை வரை தந்தி அதிரும் நீளம் ஃபென்டர் வகைக் கித்தார்கள் பலவற்றில் ஏறத்தாழ 648 மி.மீ. ஆகும். அதில் பாதி 324 மி.மீ. அந்த இடத்தில் பன்னிரண்டாம் மெட்டு அமையவேண்டும். தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வு இருமடங்காகி, மேல் ஸ்தாயியின் அதே சுரம் ஒலிக்கும். வீணையிலும் பன்னிரண்டாம் மெட்டு இதே பணியைச் செய்கிறது. அளவு பொருந்தாத கழுத்தில் எத்துணை முறை சுருதி கூட்டினாலும் மெட்டுகள் பொய் சொல்லும்.

மெருகூட்டுதல்

முதலில் தந்திகளைத் தளர்த்திக் கழற்றி, பின்புறத் திருகாணிகளை நீக்கிக் கழுத்தைப் பிரிக்கவேண்டும். மின்பகுதிகளையும் எடுத்துவிட்டு, முதலில் சொரசொரப்பான உப்புத்தாளாலும் பின்னர் மென்மையான உப்புத்தாளாலும் மரத்தின் இழையோட்டத்தின் வழியே உடலைத் தேய்க்கவேண்டும். தூசு மூக்கினுள் செல்லாதவாறு முகக்கவசம் அணிதல் இன்றியமையாதது. லாக்கர் எளிதில் தீப்பற்றும். அதனைப் பெரியவர்களே காற்றோட்டமான இடத்தில் பூசவேண்டும்.

ஈரம் மிகுந்த நாளில் பூசினால் லாக்கர் வெண்மையாய் மங்கிவிடும். ஆதலால் பொன்முடி போன்ற ஊர்களில் வறண்ட நாளுக்காகக் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே. மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்கவேண்டும். கழுத்து அமரும் குழியில் பூச்சு படியலாகாது. படிந்தால் கழுத்து சரியாக அமராது.

பொருத்துதல்

புதிய கழுத்தைக் குழியில் வைத்து, இரு ஓரத் தந்திகளை மட்டும் மாட்டிப் பார்க்கவேண்டும். கழுத்தின் இருபுறமும் ஒத்த இடைவெளி இருந்தால் கழுத்து நேராக உள்ளது எனலாம். திருகாணித் துளைகள் ஒத்துவராவிடில், கழுத்திலுள்ள பழைய துளைகளைக் கடினமரக் குச்சியாலும் பசையாலும் அடைத்து, உலர்ந்த பின் புதிதாகத் துளையிடவேண்டும். துளை கழுத்தின் மறுபுறம் வரை செல்லாதவாறு துளையாணியில் ஆழத்தைக் குறித்துக்கொள்க. திருகாணிகளில் சிறிது மெழுகு தடவி, எதிரெதிர் மூலைகளாக இறுக்குக. இறுதியில் எல்லாத் தந்திகளையும் பூட்டிச் சுருதி கூட்டவேண்டும்.

காடும் கருவியும்

பல கித்தார்களில் விரல் படியும் பலகை ஈட்டிமரத்தால் ஆனது. தோதகத்தி என்றும் வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் மெல்ல வளர்வது. ஈட்டியை உள்ளடக்கிய தால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது; முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. கழுத்தை மாற்றுங்கால் பழைய உடல் பயனில் நிற்கிறது. பழைய கழுத்தின் ஈட்டிப் பலகையையும் எறியாமல் பாதுகாக்கலாம். செப்பனிடுதல் காட்டுக்குச் செய்யும் சிக்கனமும் ஆகும்.

சொற்பொருள்

பிசகு – தவறு
மெட்டு – சுரத்தானத்தைக் குறிக்கும் குறுக்குக் கம்பி
குதிரை – தந்தியைத் தாங்கும் பாலம்
இழையோட்டம் – மர நார்கள் செல்லும் திசை

விடையளிக்க

1. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் அமைவது ஏன்?
2. மழைநாளில் லாக்கர் பூசலாகாது. காரணம் கூறுக.
3. ஏகாந்த வீணையையும் மின்கித்தாரையும் அமைப்பால் ஒப்பிடுக.

செயல்பாடு

திருப்புளி, உளி, உப்புத்தாள் ஆகியவற்றை உங்கள் தாத்தா பாட்டி எப்பெயர்களால் அழைப்பர் எனக் கேட்டு எழுதுக.