வாஷிங் மெஷினும் டிரையரும்: வாங்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கச் செல்லும்போது பிராசசர் எது, ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. உண்டா என்று பத்துக் கேள்விகள் கேட்கிறோம். ஆனால் வாஷிங் மெஷின் வாங்கும்போது கடைக்காரர் காட்டும் நிறத்தையும் தள்ளுபடியையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். இத்தனைக்கும் இன்றைய வாஷிங் மெஷினும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் இருக்கிறது, தண்ணீர் மட்டத்தையும் வெப்பத்தையும் அறியும் சென்சார்கள் இருக்கின்றன, கோளாறு வந்தால் திரையில் குறியீடு காட்டுகிறது. இந்த மாதம் மெஷினையும், அதனுடன் டிரையரையும் எப்படித் தேர்வு செய்வது, வீட்டில் எங்கே எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்று மாடிக் குடியிருப்பில் மேல் மாடியில் எங்கள் வீடு. புதிய பிரண்ட் லோட் மெஷின் வந்து இறங்கிய முதல் வாரமே, துணி துவைக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் நின்று போனது. தண்ணீர் வரவில்லை என்று திரையில் எச்சரிக்கை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது! சர்வீஸ் ஆள் இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை தண்ணீர் வால்வையே மாற்றினார். அப்போதும் அதே கதைதான். மெஷினில் கோளாறே இல்லை, தண்ணீர் தொட்டியின் உயரம் போதவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

தண்ணீர் அழுத்தம்: முதல் கணக்கு

தொட்டியின் அடிப்பகுதிக்கும் மெஷின் குழாய்க்கும் இடையே உள்ள உயரம் 10 மீட்டர் என்றால் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் ஆகும். பிரண்ட் லோட் மெஷின்களின் கையேட்டைப் புரட்டினால், குறைந்தபட்சம் 0.3 பார் அல்லது 0.5 பார் வேண்டும் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

மேல் மாடி வீட்டில் தரையிலிருந்து மொட்டை மாடி 3 மீட்டர். அங்கே தொட்டி நேராகத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் குழாய் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் உள்ளது. மீதி 2 மீட்டர், அதாவது 0.2 பார். போதாது. அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருப்பவருக்கு இன்னும் இரண்டு தளங்களின் 6 மீட்டர் கூடுகிறது. அவருக்கு 0.8 பார் கிடைத்துவிடும். ஒரே கட்டடம், ஒரே மெஷின், அவருக்கு ஓடுகிறது, நமக்கு நிற்கிறது. ஏன் என்பதற்கு விடை இவ்வளவுதான்.

இந்தக் கணக்கோடு ஒரு சோதனையும் செய்து விடுங்கள். மெஷின் வைக்கப்போகும் இடத்துக் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்திற்குள் நிரம்பினால் கவலை இல்லை. நான்கைந்து நிமிடம் ஆகிறது என்றால் யோசிக்க வேண்டும். நீண்ட, பழைய, உப்பு படிந்த குழாய்களில் தொட்டி உயரமாக இருந்தும் தண்ணீர் நூலாகத்தான் வரும். தீர்வு இரண்டு. தொட்டியை உயரமான மேடையில் ஏற்றலாம். அல்லது மெஷின் லைனில் மட்டும் சிறிய பிரஷர் பம்ப் பொருத்தலாம். இரண்டும் முடியாத வாடகை வீடு என்றால், செமி ஆட்டோமேட்டிக் மெஷினை ஏளனமாகப் பார்க்காதீர்கள். வாளியால் ஊற்றினாலும் அது ஓடும்.

எத்தனை கிலோ?

மெஷினில் எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த துணியின் எடை. அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் புரோகிராமில் அதில் பாதியளவே போட வேண்டும் என்று கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டுத் தராசில் ஒரு நாள் அழுக்குத் துணியை மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். ஒரு ஜீன்ஸ் அரைக் கிலோவைத் தாண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பு ஒரு கிலோவை நெருங்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 7 கிலோ போதும் என்பது என் கருத்து. கம்பளி, கனமான போர்வை எல்லாம் வீட்டிலேயே துவைப்பவர்கள் 8 அல்லது 9-க்குப் போகலாம்.

ஆர்.பி.எம். ஏன் முக்கியம்?

விளம்பரங்களில் நாம் சரியாகக் கவனிக்காத எண் இது. டிரம் சுழலும் வேகம் இரண்டு மடங்கானால், தண்ணீரை வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் 700 ஆர்.பி.எம்.-ல் சுற்றும்போது, அதன் ஓரத்தில் உள்ள துணி தன் எடையைப் போல் சுமார் 137 மடங்கு விசைக்கு உள்ளாகிறது. 1400 ஆர்.பி.எம்.-ல் அது சுமார் 548 மடங்கு.

துணியில் மிஞ்சும் ஈரத்தில் இது தெரியும். தோராயமாக, 800 ஆர்.பி.எம்.-ல் பிழிந்த 7 கிலோ பருத்தித் துணியில் 70 சதவீதம், அதாவது 4.9 லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 1400-ல் பிழிந்தால் 50 சதவீதம், அதாவது 3.5 லிட்டர். வித்தியாசம் 1.4 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் மின்சாரத்தின் அளவு வெப்பம் தேவை. ஆகவே இந்த 1.4 லிட்டரை டிரையரில் உலர்த்தினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1 யூனிட் கூடுதலாகச் செலவாகும். அதையே மோட்டார் சுழற்றி வெளியேற்ற ஆகும் மின்சாரம் இதில் மிகச் சிறிய பங்குதான். டிரையர் வாங்கும் எண்ணம் இருந்தால் 1200 ஆர்.பி.எம்.-க்குக் குறைவான மெஷினை வாங்காதீர்கள். டிரையர் வேண்டாம், வெயிலில்தான் உலர்த்துவேன் என்பவருக்கு 700 அல்லது 800 போதும். துணியும் அதிகம் கசங்காது.

டிரையர் வகைகள்

வென்டட் டிரையர் சூடான காற்றைத் துணிக்குள் செலுத்தி, ஈரக் காற்றை அகலமான குழாய் வழியாக வெளியே அனுப்பும். விலை குறைவு. ஆனால் சுவரில் ஓட்டை வேண்டும். குழாயை அறைக்குள்ளேயே விட்டால் மழைக்காலத்தில் சுவர் பூஞ்சை பிடிக்கும். கண்டென்சர் டிரையரில் ஈரம் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி ஒரு தட்டில் சேரும். தட்டை நாம் காலி செய்யலாம், அல்லது வடிகாலில் இணைக்கலாம். மூன்றாவது, ஹீட் பம்ப் டிரையர். ஏ.சி. மெஷினில் உள்ளது போன்ற கம்ப்ரசர் இதில் இருக்கும். காற்றைக் குளிர்விக்கும்போது எடுத்த வெப்பத்தையே மறுபடி காற்றைச் சூடாக்கப் பயன்படுத்துகிறது. சாதாரண டிரையருக்கு ஆகும் மின்சாரத்தில் பாதி அல்லது அதற்கும் குறைவாகவே ஆகும். நேரம் அதிகம் பிடிக்கும், விலையும் அதிகம். சூடு குறைவு என்பதால் துணிக்கு நல்லது.

ஒரே பெட்டியில் துவைத்து உலர்த்தும் வாஷர் டிரையரும் கடைகளில் உள்ளது. இடம் மிச்சம். ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோ அல்லது அதற்கு ஒட்டிய அளவுதான் உலர்த்தும். துவைத்ததில் பாதியை வெளியே எடுத்துவிட்டு மீதியை உலர்த்த வேண்டும். ‘போட்டுவிட்டுத் தூங்கலாம்’ என்று நினைத்து வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆவியைக் குளிர்விக்க இவற்றில் பல, குழாய்த் தண்ணீரையும் செலவழிக்கும்.

தமிழ்நாட்டில் டிரையர் தேவையா? வீட்டுக்கு வீடு மாறும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மழைக்காலத்தை விட்டால், கொடியில் போட்ட துணி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பால்கனியோ மொட்டை மாடியோ உள்ளவர்கள் அந்தப் பணத்தை நல்ல ஸ்பின் உள்ள மெஷினுக்குச் செலவிடலாம். மழை நாளில் அறையில் கொடி கட்டி மின்விசிறியைப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் நோயாளி உள்ள வீடு, துணி காயப்போட இடமே இல்லாத அடுக்குமாடி, இவர்களுக்கு டிரையர் ஆடம்பரம் அல்ல. பட்டு, ஜரிகை வேட்டி, எலாஸ்டிக் அதிகமுள்ள துணிகள் இவற்றை டிரையரில் போடாதீர்கள்.

மின் இணைப்பு

வெந்நீர் ஹீட்டர் உள்ள மெஷின் சுமார் 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். ஆகவே 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் உதவாது. 16 ஆம்பியர் பாயிண்ட், சரியான எர்த் இரண்டும் வேண்டும். டிரையருக்கும் இதே கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 17 ஆம்பியருக்கு மேல். ஒரே பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் செருகினால் ஒயர் உருகும். தீப்பிடிக்கவும் கூடும். தனித்தனி எம்.சி.பி. உள்ள தனித்தனி லைன் போடச் சொல்லுங்கள். ஈரமான இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஹீட்டர் வேலை செய்யும்போது வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மெஷினில் உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கே வைப்பது?

டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரண்ட் லோட் மெஷினின் அகலம் 60 செ.மீ., உயரம் 85 செ.மீ. என்பது பொதுவான அளவு. 2 அடிக் கதவு என்பது 61 செ.மீ.தான். சட்டத்தைக் கழித்தால் மெஷின் நுழையாது! ஹாலில் இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. சமையல் மேடைக்கு அடியில் வைக்க விரும்பினால் மேடையின் அடிப்பக்க உயரத்தை அளக்கவும். கல்லின் கனத்தைக் கழிக்க மறந்துவிடுவோம். பின்னால் குழாய்களுக்கு 10 செ.மீ. விடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள்.

இடம் குறைவென்றால் வாஷரின் மேல் டிரையரை அடுக்கலாம். வாஷர் பிரண்ட் லோட் ஆக இருக்க வேண்டும். அது கீழே, டிரையர் மேலே. மாற்றி அடுக்கக் கூடாது. வாஷருக்குள் கான்கிரீட் எடைக்கல் இருப்பதால் மொத்தம் 60, 70 கிலோ வரை இருக்கும், அதிர்வதும் அதுதான். இரண்டையும் பிணைக்கும் ஸ்டாக்கிங் கிட், அந்த இரண்டு மாடல்களுக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்கவும். வெறுமனே மேலே தூக்கி வைத்தால் ஸ்பின் ஆகும்போது டிரையர் நகர்ந்து விழும். மேலே உள்ள டிரையரின் பட்டன்களும் பஞ்சு வடிகட்டியும் வீட்டில் குள்ளமானவருக்கு எட்டுமா என்றும் பாருங்கள். அந்த வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்தாக வேண்டும். பஞ்சு சேர்ந்தால் தீ விபத்துக்கு வழி.

பால்கனியில் வைப்பவர்கள் சாரலும் மேற்கு வெயிலும் படாமல் மறைப்பு கட்டவும். குளியலறை வேண்டாம். கண்ட்ரோல் போர்டுக்கு ஈரம் எமன்.

கழிவுநீர்க் குழாயை அப்படியே தரையில் போடுவது பரவலான தவறு. பம்ப் உள்ள மெஷின்களில் அந்தக் குழாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரம் வரை ஏறி இறங்க வேண்டும். தரையில் கிடந்தால் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வெளியே ஓடிவிடும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். பம்ப் இல்லாத சில டாப் லோட் மெஷின்களில் மட்டும் குழாய் தாழ்வாக இருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள இடங்களில் ஹீட்டரில் சுண்ணாம்புப் படலம் ஏறும். டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அது கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்கிறது. நமக்குத் தேவை கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை. உங்கள் நீர் இந்த மேல் எல்லைக்கு அருகில் என்றால் மாதம் ஒரு முறை துணி இல்லாமல் டீஸ்கேலிங் பவுடர் போட்டு வெந்நீரில் ஓட்டவும். நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போடாதீர்கள். பிரண்ட் லோட் மெஷினுக்கு நுரை குறைந்த பவுடர்தான்.

ஃபஸ்ஸி லாஜிக், வைஃபை எல்லாம்?

1965-ல் கலிபோர்னியாவில் லோட்பி ஸாதே எழுதிய கணிதக் கட்டுரையிலிருந்து வந்தது ஃபஸ்ஸி லாஜிக். 1990-ல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் அதை வாஷிங் மெஷினில் புகுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘கொஞ்சம் அழுக்கு’, ‘நிறையத் துணி’ போன்ற தெளிவற்ற அளவுகளைக் கொண்டு தண்ணீரையும் நேரத்தையும் முடிவு செய்யும். இன்று ‘ஏ.ஐ.’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களில் பலவும் இந்த வேலையைத்தான் குறிக்கின்றன. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வைஃபை உள்ள மெஷின் வாங்கினால், பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ஆப் மெஷினைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலவும்.

கம்ப்யூட்டரின் பீப் ஒலிகளைப் போல மெஷின் காட்டும் குறியீடுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணமாக எல்ஜி மெஷின்களில் யூ.ஈ. என்றால் துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது, ஓ.ஈ. என்றால் தண்ணீர் வெளியேறவில்லை என்று பொருள். முதலாவதற்குத் துணியைப் பிரித்துப் போட்டாலே போதும். இரண்டாவதற்கு முன்பக்கம் கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து பாருங்கள். சில்லறைக் காசோ ஹேர்பின்னோ இருக்கும்.

இன்ஸ்டலேஷன் நாளில்

பிரண்ட் லோட் மெஷினின் பின்புறம் டிரம்மைப் பிடித்திருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றியாயிற்றா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கழற்றாமல் ஸ்பின் போட்டால் மெஷின் அறை முழுதும் நடக்கும். கழற்றியவற்றைப் பத்திரப்படுத்தவும், வீடு மாறும்போது வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு பிரண்ட் லோட் மெஷினுக்குக் கூடாது. மொபைலில் உள்ள லெவல் ஆப்பைத் திறந்து மெஷினின் மேல் வைத்து, நான்கு கால்களையும் திருகி மட்டம் பாருங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்தினால் ஆடக் கூடாது. கடைசியில் துணி இல்லாமல் ஒரு முறை முழுதாக ஓட்டி, ஸ்பின் முடியும் வரை ஆளை அனுப்பாதீர்கள்.