ஒரு நொதியை நீக்கினால் போதுமா?



பூஞ்சையின் செல்சுவர் நொதியைத் தடுத்துவிட்டால் நோயே வராதே, ஏன் யாரும் அதைச் செய்யவில்லை என்று கேட்டிருந்தாய். பழம் அழுகுவதை வைத்துச் செல்சுவர்ப் பொருளான பெக்டினில் தொடங்கிப் பெக்டினிலேயே முடித்துவிடும் பாடங்களால் வரும் வினை இது. புல்லினப் பயிர்களின் சுவரில் பெக்டின் கொஞ்சம்தான். அங்கே செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்திருப்பது அராபினோசைலான். அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது ஃபெருலிக் அமிலம். அப்படியானால் அராபினோசைலானை வெட்டும் சைலனேஸ்தானே பூஞ்சையின் முக்கிய ஆயுதம்?

அதைச் சோதித்துப் பார்த்தது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் வால்டன் குழு. மக்காச்சோள இலையில் புள்ளிநோய் உண்டாக்கும் காக்லியோபோலஸ் கார்போனத்தில், பெக்டினை வெட்டும் நொதியின் மரபணுவை 1990இல் சிதைத்தனர். நோய் குறையவில்லை. 1993இல் முதன்மைச் சைலனேஸ் மரபணுவைச் சிதைத்தனர். சைலனேஸ் செயல்பாட்டில் பெரும்பகுதி போயிற்று. நோய் அப்படியே இருந்தது. பிறகு இன்னும் இரண்டு சைலனேஸ் மரபணுக்களையும் சேர்த்து நீக்கிப் பார்த்தனர். அப்போதும் பூஞ்சை அசரவில்லை. 'எதிர்மறை முடிவு' என்று பலர் புரட்டிவிட்டுப் போகும் இந்த ஆய்வுரைகளைத்தான் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும். யார் கேட்கிறார்கள்!

திருப்பம் 2000இல் வந்தது. குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்வரை பூஞ்சை இந்த நொதி மரபணுக்களை அடக்கியே வைத்திருக்கும். அந்தத் தடையை விலக்க எஸ்.என்.எஃப்.1 என்ற புரதம் வேண்டும். அதன் மரபணுவைச் சிதைத்ததும் பல நொதிகள் ஒருசேரக் குறைந்தன. இலைப்புள்ளிகளும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தோன்றிய சில புள்ளிகளின் உருவம் மாறவில்லை. ஆக, பூஞ்சைக்கு இடறல் பெரும்பாலும் இலைக்குள் நுழையும் வாயிலில்தான். இதையும் நொதிகளின் கணக்கிலேயே முழுதாக எழுதிவிடாதே. அந்தப் புரதத்துக்கு வேறு வேலைகளும் உண்டு.

நுழையும் வழியும் எல்லாப் பூஞ்சைக்கும் ஒன்றல்ல. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சை ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்கி இலைத்தோலைத் துளைக்கிறது; கார் டயரில் இருப்பதைப்போல் பல மடங்கு அது. கோதுமையின் சைமோசெப்டோரியாவோ இலைத்துளை வழியாக ஓசையின்றி நுழைகிறது. 2011இல் வெளியான அதன் மரபணுத்தொகுதியில் செல்சுவரைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

நீ சொன்ன தடுப்பு வேலையைக் கோதுமை ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. சைலனேஸைத் தடுக்கும் புரதமொன்று அதன் மாவில் இருப்பதை 1997இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். அவர்கள் தானிய வேதியியலார். ரொட்டிக்காரர்கள் மாவில் சேர்ப்பதும் சைலனேஸ்தானே! இவ்வகைப் புரதங்கள் நுண்ணுயிரிகளின் சைலனேஸைப் பிடிக்கும். பயிரின் சொந்தச் சைலனேஸைத் தொடுவதில்லை. இவ்வளவு இருந்தும் ஃபுசேரியம் பூஞ்சை கோதுமைக் கதிரை விட்டுவைப்பதில்லை.